பாடத் தயங்கும் நடுவயது ஆண்களுக்கு எளிய ஜப்பானியக் கரோக்கே பாடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானில் வேலை பார்க்கும் நாற்பது, ஐம்பது வயது நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும் இவை. அலுவலக விருந்து முடிந்ததும் "அடுத்து கரோக்கே" என்று யாராவது கிளம்பும்போது வயிற்றைக் கலக்குகிறதே, அந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே எழுதுகிறேன். ஜப்பானியர்களிலும் இந்தக் கூச்சம் உள்ள ஆண்கள் ஏராளம்.

எனக்குச் சுருதி சேராது. கரோக்கேவுக்குப் போவதில் அர்த்தம் உண்டா?

கரோக்கே மெஷின் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் இந்தக் கேள்வி பாதி கரைந்துவிடும். கோபே நகரத்து இரவு விடுதிகளில், பாட வரும் வாடிக்கையாளர்களுக்கு வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர் இனோவே தைசுக்கே. அவருடைய வாடிக்கையாளர்களில் ஒரு கம்பெனி முதலாளி இருந்தார். நன்றாகப் பாடக்கூடியவர் இல்லை. ஆனால் அவர் எங்கே இழுப்பார், எங்கே தடுமாறுவார் என்று தெரிந்து இனோவே அனுசரித்து வாசிப்பார். வெந்நீர் ஊற்று ஊர் ஒன்றுக்குச் சுற்றுலா போகும்போது உடன் வரும்படி முதலாளி கூப்பிட்டார். இனோவேயால் போக முடியவில்லை. அவருக்கு ஏற்றபடி வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அந்த யோசனைதான் 1971-ல் காசு போட்டால் பின்னணி இசை வாசிக்கும் பெட்டியாக ஆனது. முதலில் செய்தவை 11 பெட்டிகள். காப்புரிமைகூட அவர் வாங்கவில்லை.

தாளம் தப்பும் ஒரு நடுவயது மனிதருக்கு வளைந்து கொடுப்பதற்காக வந்த பெட்டி அது. நீங்கள் பாட்டுக்கு ஏறிப் போக வேண்டியதில்லை, பாட்டை உங்களிடம் இறக்கிக்கொள்ளலாம். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவது முழுக்க அதற்கான வழிகள்தான்.

இன்னொன்று. சுருதியைப் பிரித்துணரவே முடியாதவர்கள் மிகச் சிலர். "எனக்குப் பாட வராது" என்று சொல்லும் பெரும்பாலோர் தங்கள் குரலுக்குப் பொருந்தாத கட்டையில் (சுருதி உயரத்தில்), வேறொருவருடைய உச்சத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தவர்கள்.

முதல் முறை பாட ஒரே ஒரு பாட்டு சொல்லுங்கள்.

"அஷ்தா கா அரு ஸா". யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

1963-ல் சகமோத்தோ கியூ பாடியது. மெட்டு நக்காமுரா ஹச்சிதாய், வரிகள் அவோஷிமா யுக்கியோ. இந்த அவோஷிமா பிற்பாடு 1995-ல் தோக்கியோ ஆளுநராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். காதலைச் சொல்லத் துணிச்சல் வராத பையன், இன்றைக்கு முடியவில்லை, நாளை இருக்கிறதே என்று தன்னைத் தேற்றிக்கொள்வதுதான் பாட்டு. 2001-ல் ஒரு காப்பி விளம்பரத்தையொட்டி அலுவலக ஊழியரின் வாழ்க்கையை வைத்து வரிகளை மாற்றிப் பாடினார்கள். அதே ஆண்டு உல்ஃபுல்ஸ் இசைக்குழுவும் பாடியது. அதனால் எழுபது வயது மேலாளருக்கும் தெரியும், முப்பது வயதுக்காரருக்கும் தெரியும்.

நடையைப் போல ஒரே சீரான தாளம். மேல் ஸ்தாயிக்குத் திடீரென்று தாவும் இடம் இல்லை. ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் வருகிற அந்த "நாளை இருக்கிறது" வரியில் அறை முழுவதும் சேர்ந்துகொள்ளும். உங்கள் குரல் மற்றவர்கள் குரலுக்குள் கலந்துவிடும். முதல் முறை பாடுகிறவருக்கு இதைவிடப் பெரிய ஆதரவு கிடைக்காது.

சரணங்கள் நிறைய. இரண்டு பாடி நிறுத்தினால் போதும்.

பழைய பாட்டு எளிது, புதுப் பாட்டு கடினம் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. 1990-களுக்குப் பிறகு ஜப்பானியப் பாப் இசையில் ஆண் பாடகர்களின் சுருதி ஏறிக்கொண்டே போனது. வரிகளும் நெரிசலாகிவிட்டன. அதற்கு முந்தைய பாடல்களில் ஓர் அசைக்கு ஒரு சுரம் என்ற கணக்கு பரவலாக இருந்தது. ஜப்பானிய மொழியை மெதுவாகத்தான் வாசிக்க வரும் என்பவருக்கு அது பெரிய சலுகை.

இசைப் பரிச்சயம் உள்ள தமிழருக்கு இன்னொரு வசதி உண்டு. பழைய ஜப்பானிய வெகுஜன இசையில் பாதிக்கு மேல் என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு ஐந்து சுரப் பாடல்கள் இருக்கின்றன. நாலாம் சுரத்தையும் ஏழாம் சுரத்தையும் விட்டுவிட்ட அந்த வரிசை, ச ரி க ப த. நம் மோகனமேதான். சோகப் பாடல்களுக்கு வேறொரு ஐந்து சுர வரிசை வைத்திருக்கிறார்கள். அது சிவரஞ்சனிக்குப் பக்கத்தில் நிற்கிறது, தைவதம் மட்டும் ஒரு படி கீழே. முதன்முறை கேட்கும்போதே எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால் காரணம் இதுதான். காது ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

மோகனத்தில் அமைந்த பாட்டு ஒன்று சொல்லுங்களேன்.

"கித்தகுனி நோ ஹாரு". 1977, பாடியவர் சென் மசாவோ, மெட்டு எந்தோ மினோரு. வட நாட்டின் வசந்தம் பற்றியது. சீனம், தாய் என்று ஆசியாவின் பல மொழிகளுக்குப் போய்ச் சேர்ந்த மெட்டு. தைவான் பாடகி தெரெசா தெங் சீன மொழியில் பாடியிருக்கிறார்.

இந்தப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நகரத்துக்குப் பிழைக்க வந்துவிட்ட ஒருவன். ஊரில் இந்நேரம் மரங்கள் பூத்திருக்கும். நகரத்தில் பருவம் மாறியதே தெரியாது என்று நினைத்து அம்மா ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பியிருக்கிறாள். அடுத்த சரணத்தில், கடைசிவரை மனத்தைச் சொல்லாமலே பிரிந்த ஒரு பெண். மூன்றாவதில் அப்பாவும் அண்ணனும். இரண்டு பேரும் வாய் திறந்து பேசாதவர்கள். அவர்கள் எப்போதாவது சேர்ந்து உட்கார்ந்து குடிப்பார்களா என்று இவன் யோசிக்கிறான்.

ஊரை விட்டு வந்த நடுவயது ஆள் பாட இதைவிடப் பொருத்தமான பாட்டை நான் கண்டதில்லை. அந்த மூன்றாம் சரணத்தைப் பாட்டுத் திறமையால் பாட வேண்டியதில்லை. அப்பாவை நினைத்துக்கொண்டு சும்மா சொன்னாலே போதும். வடகிழக்கிலிருந்து தோக்கியோ வந்து வேலை பார்க்கும் ஜப்பானிய சகா ஒருவர் அந்த அறையில் இருந்தால், அன்றைக்கு அவர் உங்களிடம் வந்து பேசுவார்.

எச்சரிக்கை ஒன்று. ஊர் திரும்ப வேண்டும் என்று ஏங்கும் கடைசி வரியில் குரல் தானாக மேலே போகப் பார்க்கும். கட்டையை முன்பே இரண்டு படி இறக்கிக்கொள்ளுங்கள்.

என் குரல் கனமான, தாழ்ந்த குரல். மேலே போகவே போகாது.

அப்படியானால் ஃபிராங்க் நகாய் உங்கள் ஆள். அமெரிக்க ராணுவ முகாம்களில் ஜாஸ் பாடி வளர்ந்த பாடகர், ஆழமான குரல். 1957-ல் வந்த "யூராக்குச்சோ தே ஐமாஷோ" அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. தோக்கியோவின் யூராக்குச்சோ பகுதியில் திறந்த சோகோ பல்பொருள் அங்காடியின் விளம்பரத்தோடு பிறந்த பாட்டு அது. மழை, தேநீர்க் கடை, காத்திருத்தல். மெதுவாக, பேசுகிற மாதிரியே போகும்.

நடிகர் இஷிஹாரா யூஜிரோவின் பாடல்களும் அப்படித்தான். 1967-ல் வந்த "யொகிரி யோ கொன்யா மோ அரிகதோ" பாடலில் குரலைக் கத்தவிட வேண்டிய இடமே இல்லை. மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்து மூச்சோடு பாடினால் தாழ்ந்த குரலே சொத்தாகிவிடும்.

"உயே ஓ முயித்தே அருக்கோ" பாடலாமா? எல்லோருக்கும் தெரிந்த பாட்டாயிற்றே.

பாடலாம். அதுவும் சகமோத்தோ கியூதான், 1961. 1963 ஜூனில் "சுகியாக்கி" என்ற பெயரில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. ஜப்பானிய மொழியிலேயே பாடி அந்த இடத்தைப் பிடித்தது பெரிய விஷயம்.

நடு நடுவே குரலை உடைத்து விக்குவதுபோல் அவர் பாடுவார். அதைப் பின்பற்ற வேண்டாம், நேராகப் பாடுங்கள். சீட்டி அடிக்கும் இடத்தில் வராவிட்டால் முனகலாம். மற்ற யாராவது சீட்டி அடித்துத் தருவார்கள்.

பாடகர் 1985 ஆகஸ்டில் நடந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமான விபத்தில், 43 வயதில் இறந்தார். வயதானவர்கள் இந்தப் பாட்டுக்குச் சற்று அமைதியாகிவிடுவது அதனால்தான். உங்கள் பாட்டில் குறை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

அலுவலகத்தில் இளைஞர்கள்தான் அதிகம். 1960-களின் பாட்டைப் பாடினால் முழிக்க மாட்டார்களா?

ஸ்மாப் என்ற ஆண் பாடகர் குழுவின் "செக்காய் நி ஹிதோத்ஸு தக்கே நோ ஹானா" 2003-ல் வந்து நாடு முழுக்கப் பரவிய பாட்டு. எழுதி இசையமைத்தவர் மக்கிஹாரா நொரியுக்கி. பல குரல்கள் சேர்ந்து பாடுவதற்காகச் செய்தது, ஆகவே சுரங்களின் வீச்சு சின்னது. அதே குழுவின் 1998 பாட்டு "யொஸோரா நோ முக்கோ" இன்னும் தாழ்ந்த சுருதி. ஆனால் அதன் தாளத்தில் வரிகள் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழும். முதலாவதையே முதலில் எடுங்கள்.

எனக்கு மெட்டே பிடிபடாது. ஆனால் சத்தம் போட வரும்.

"லிந்தா லிந்தா", த புளூ ஹார்ட்ஸ், 1987. ஆரம்பம் மெதுவாக, பேச்சுக்குச் சமீபமாக இருக்கும். பிறகு கோரஸில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்த வேண்டும். ஐம்பதை எட்டிய ஜப்பானிய ஆண்களுக்கு இது பள்ளிக் காலத்துப் பாட்டு. எழுந்து குதிப்பார்கள். அந்த நிலையில் சுருதியை யாரும் கேட்பதில்லை.

சத்தமும் வேண்டும், நிதானமும் வேண்டும் என்றால் கித்தாஜிமா சபுரோவின் "யொசாக்கு" (1978). மரம் வெட்டுகிறவன், நெய்கிற மனைவி, மலையில் எதிரொலி, அவ்வளவுதான் விஷயம். சொற்கள் மிகக் குறைவு. வெட்டும் வேகத்துக்கு வரும் "ஹேய் ஹேய் ஹோ"வை அறையே சேர்ந்து சொல்லும். எங்காவது நீட்ட முடியாமல் மூச்சு முட்டினால் விட்டுவிடுங்கள், கூட்டம் பார்த்துக்கொள்ளும்.

எவற்றைத் தொடவே கூடாது?

கேட்க எளிதாகத் தெரிந்து பாடும்போது காலை வாரிவிடுபவைதான் ஆபத்து. தனிமுரா ஷிஞ்சியின் "சுபாரு" (1980) முதல் உதாரணம். தொடக்கம் தாழ்வாக, அமைதியாக, என்னால் முடியும் என்று தோன்றும். போகப் போக ஏறி, உச்சத்தில் நீட்ட வைக்கும். அபாரமான பாட்டுதான். நாலைந்து பாட்டு பழகிய பிறகு போங்கள்.

சகே அண்ட் அஸ்காவின் "ஸே யெஸ்", மிஸ்டர் சில்ட்ரனின் 1990-கள் பாட்டுகள், எக்ஸ் ஜப்பான், எல்லாமே உச்ச ஸ்தாயி. ஸதா மசாஷியின் "கன்பக்கு செங்கென்" பேச்சுபோல இருக்கிறது என்று நம்பி எடுக்காதீர்கள். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். தயங்கித் தயங்கிப் பாடுகிறவருக்கு ஆறு நிமிடம் மிக நீளம்.

கட்டையை எப்படி மாற்றுவது? எவ்வளவு மாற்றுவது?

டாம், ஜாய்சவுண்ட் ஆகிய இரண்டு மெஷின்களில் ஒன்றுதான் பெரும்பாலான அறைகளில் இருக்கும். இரண்டிலும் தொடுதிரைப் பலகையில் "கீ" என்று ஒரு பொத்தான். ஒரு தட்டுக்கு அரைக் கட்டை இறங்கும், அல்லது ஏறும். பாட்டின் நடுவிலும் மாற்றலாம்.

பலர் பல்லவி தொடங்கும் இடத்தை வைத்துக் கட்டையைத் தீர்மானிக்கிறார்கள். அது தவறான இடம். ஜப்பானியப் பாட்டில் "சபி" என்கிற உச்சப் பகுதி ஒன்று உண்டு. அதன் மிக உயர்ந்த சுரத்தைக் கழுத்து நரம்பு புடைக்காமல் பாட முடிகிறதா என்று பாருங்கள். முடியும்வரை இறக்குங்கள். ஆண்களின் பாட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் நாலு தட்டு போதும். அதற்கும் கீழே போனால் பல்லவி தரையில் உரசும், பாட்டையே மாற்றுங்கள்.

உங்கள் எண்ணைத் தொலைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: பாட்டின் பெயர், எத்தனை தட்டு. அடுத்த முறை அறைக்குள் போனதும் பதற்றமே இருக்காது. வேகத்தைக் குறைக்கும் பொத்தானும் உண்டு. "கைடு மெலடி" என்பதைக் கூட்டினால் மெட்டு பின்னணியில் தெளிவாகக் கேட்கும். இவற்றைப் பயன்படுத்துவதில் கூச்சம் வேண்டாம், இவை இருப்பதே அதற்காக.

பெண்கள் பாடிய பாட்டை ஆண் பாடலாமா?

தாராளமாக. தெரெசா தெங்கின் "தொக்கி நோ நகரே நி மி ஓ மகஸே" (1986) எத்தனையோ நடுவயது ஆண்கள் விரும்பிப் பாடுவது. ஆண் பாடும்போது குரல் இயல்பாக ஒரு ஸ்தாயி கீழே வந்துவிடும். அப்போது சில பாட்டுகள் மிகவும் தாழ்ந்துபோகும். இங்கே மட்டும் கட்டையை ஏற்ற வேண்டும். மூன்று, நாலு தட்டு ஏற்றிப் பாருங்கள்.

எழுத்தே சரியாக வாசிக்க வராதே. திரையில் ஓடும் வரிகளைப் பிடிப்பது எப்படி?

கான்ஜி என்ற சீன வழி எழுத்துகளுக்கு மேல் சிறிதாக ஹிரகனா என்ற எளிய ஒலியெழுத்தைப் போட்டிருப்பார்கள். ஹிரகனா தெரிந்தால் போதும். அதுவும் திணறினால் வீட்டிலேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ஜப்பானிய உயிரொலிகள் அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்தும், அவற்றின் நெடில்களும். குறில் நெடில் வித்தியாசம் நமக்குப் பழகியது, ஆகவே உச்சரிப்பில் நமக்கு நல்ல தொடக்கம் உண்டு. நாம் ஒரே க-வில் எழுதும் ka, ga இரண்டும் அவர்களுக்கு வேறு வேறு ஒலி. த, ப-வும் அப்படியே. ga, da, ba என்று ஒலிக்க வேண்டிய இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொண்டால் குழப்பம் வராது.

பாடும் முன் பேசிப் பாருங்கள். வரிகளை அந்தத் தாளத்திலேயே, மெட்டில்லாமல், வாய்விட்டுச் சொல்வது. நாக்கு தடுமாறாமல் போக ஆரம்பித்த பிறகு மெட்டைச் சேர்த்தால் தானாக உட்காரும். பயத்தில் பாதி, அடுத்த சொல் என்ன என்கிற பயம்தான்.

மதிப்பெண் போடும் வசதியை வைக்கலாமா?

வேண்டாம். அது பாடகரின் சுரம், நீட்டல், அதிர்வு எல்லாவற்றையும் மெட்டோடு ஒப்பிட்டு அளக்கிற கருவி. போட்டிக்கு நல்லது. முதல் சில முறைகளுக்கு அணைத்து வையுங்கள்.

மைக் பிடிப்பதில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. கூச்சமுள்ளவர்கள் மைக்கை மார்புக்குத் தாழ்த்தி, மெல்லிய குரலில் பாடுவார்கள். மூச்சு குறைந்தால் சுருதி கீழே சரியும். பிறகு "பார்த்தாயா, சுருதி சேரவில்லை" என்று தங்களையே நொந்துகொள்வார்கள். மைக்கின் தலையைப் பொத்தாமல் உடம்பைப் பிடித்து, வாய்க்கு நேராக வைத்து, பேசுவதைவிடச் சற்றுக் கூடுதல் சத்தத்தில் பாடுங்கள். இசையின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து எக்கோவைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஒலிபெருக்கிக்கு நேரே மைக்கைத் திருப்பினால் கீச்சென்று கத்தும்.

பணியாளர் பானத்தட்டோடு கதவைத் திறந்து வருவது பெரும்பாலும் நீங்கள் பாடும்போதுதான் நடக்கும். நிறுத்தாதீர்கள். அவர் ஒரு நாளைக்கு எத்தனையோ பேரைக் கேட்கிறவர்.

பயிற்சி எங்கே எடுப்பது? வீட்டுச் சுவர் மெல்லியது.

தனியாகக் கரோக்கே போவது ஜப்பானில் சாதாரண விஷயம், அதை "ஹிதோகரா" என்பார்கள். ஒருவருக்கான அறைகள் மட்டுமே கொண்ட கடை 2011-ல் தோக்கியோவின் கண்டா பகுதியில் திறந்தது. வழக்கமான கடைகளிலும் தனியாளாகக் கேட்டால் அறை தருவார்கள். கட்டணம் பெரும்பாலும் அரை மணிக்கு இவ்வளவு என்று இருக்கும், பல கடைகளில் ஒரு பானம் கட்டாயம் வாங்க வேண்டும். வார நாள் பகலில் மலிவு.

ஒரு மணி நேரம் எடுத்து இரண்டே பாட்டைப் பாடுங்கள். பத்துப் பாட்டை ஒவ்வொரு தடவை பாடுவதைவிட இது பல மடங்கு பலன் தரும்.

அறைக்குள் என்ன நடைமுறை?

உங்கள் முறையைச் சீக்கிரமே எடுத்துவிடுங்கள். மூன்றாவது, நாலாவது ஆள் என்றால் நல்லது. நேரம் போகப் போக நல்ல பாடகர்கள் சூடு பிடித்துவிடுவார்கள், இறங்கும் தைரியம் குறைந்துகொண்டே போகும். மேலதிகாரிக்கு ஆஸ்தான பாட்டு ஒன்று இருக்கும், அதை எடுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

மற்றவர் பாடும்போது கை தட்டுங்கள், தாளத்துக்கு டாம்பரின் ஆட்டுங்கள். தொலைபேசியில் மூழ்காதீர்கள். பாடத் தெரிந்தவரைவிட நன்றாகக் கேட்கிறவரைத்தான் மறுபடி கூப்பிடுகிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பாட்டில் ஒரு சரணம் முடிந்ததும் நிறுத்தும் பொத்தானை அழுத்துவது மரியாதைக் குறைவல்ல, பலரும் செய்வதுதான்.

தனியாகப் பாடவே முடியாது போலிருக்கிறது.

ஜோடிப் பாட்டு எடுங்கள். இஷிஹாரா யூஜிரோவும் மகிமுரா ஜுன்கோவும் 1961-ல் பாடிய "கின்ஸா நோ கொய் நோ மொனொகதாரி" இன்றைக்கும் சின்ன மதுக்கடைகளில் ஒலிக்கிறது. ஆண் பகுதி, பெண் பகுதி, இருவருக்கும் பொதுவானது எல்லாம் திரையில் வேறு வேறு நிறத்தில் வரும். கடையின் "மாமா", அதாவது உரிமையாளர் அம்மா, இதைக் கண் மூடிப் பாடுவார். அவர் உங்களைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார். அலுவலகக் கூட்டத்தில் என்றால் இளம் பெண் சகாவைக் கட்டாயப்படுத்திக் கூப்பிட வேண்டாம். இரண்டு ஆண்கள் பிரித்துக்கொண்டு பாடினாலும் நன்றாகவே இருக்கும்.

நான் சுபாவத்தில் இறுக்கமான ஆள். வேடிக்கைப் பாட்டு எனக்குப் பொருந்துமா?

நகைச்சுவை நடிகரும் பாடகருமான உயெக்கி ஹித்தோஷிக்கும் இதே தயக்கம் இருந்தது. குடித்துவிட்டுத் தள்ளாடும் ஊழியரைப் பற்றிய "சூதாரா புஷி"யை 1961-ல் அவரிடம் கொடுத்தபோது, ஒழுங்கான மனிதரான அவர் மனம் ஒப்பவில்லை. அவருடைய அப்பா பௌத்த மதகுரு. தவறென்று தெரிந்தும் விட முடியாத மனித சுபாவத்தைத்தானே இது சொல்கிறது, ஷின்ரான் ஞானியின் உபதேசமும் இதுதானே, பாடு என்றாராம் அப்பா. பாட்டு நாட்டையே ஆட்டியது. வரிகள் அவோஷிமா யுக்கியோ, அந்த வருங்கால ஆளுநரேதான். இறுக்கமான முகத்தோடு பாடினால் இன்னும் நன்றாக எடுபடும்.

என்னைவிடக் கூச்சப்படும் ஜப்பானிய மூத்தவர் ஒருவர் மூலையில் உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்வது?

மைக்கை அவர் கையில் திணிக்காதீர்கள். வற்புறுத்திப் பாட வைப்பதற்கு "கரஹரா" (கரோக்கேத் தொல்லை) என்று பெயர் வைத்து இப்போது தொல்லையாகவே பார்க்கிறார்கள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பள்ளிக் காலத்தில் எந்தப் பாட்டு கேட்டீர்கள் என்று கேளுங்கள். பெயர் சொன்னால், "எனக்கு வரிகள் சரியாகத் தெரியாது, கூடப் பாடுகிறீர்களா" என்று கேட்டு, பாட்டைப் பதிவு செய்து, கட்டையை இரண்டு தட்டு இறக்கி, இரண்டாவது மைக்கை இருவருக்கும் நடுவே மேசையில் வையுங்கள். எடுத்தால் எடுக்கட்டும். எடுக்காவிட்டால் முதல் சரணத்தை நீங்களே பாடிவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள்.